தருமபுரி வெயிலில் சின்னஞ்சிறு சதைப்பற்றுச் செடிகள் பூக்குமா?

கேள்வி: மாடிவாசி, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு அடுக்கை வைத்து, உள்ளங்கை அளவுக்குமேல் வளராத சதைப்பற்றுச் செடிகளைச் சேர்த்து வருகிறேன். எல்லா நர்சரிகளிலும் கிடைக்கும் எச்செவேரியா, ஜேட் போன்றவற்றில் எனக்கு அவ்வளவாக நாட்டம் இல்லை. செடி சிறியதாக இருந்தாலும், அதன் பூவைப் பார்க்கிறவர்கள் ஒருகணம் நின்று இது என்ன என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட வகைகளைத்தான் தேடுகிறேன்.

இப்போது கூழாங்கல் போன்ற லித்தாப்ஸ் சில இருக்கின்றன. அவற்றின் வெளி இலைகள் காய்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. இடுக்கில் புதிய இலை எட்டிப் பார்க்கிறது. சுருக்கத்தைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றுகிறது, ஆனால் ஊற்றக் கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள். அடுத்து, ஹுவெர்னியா என்று எழுதி வந்த தண்டு நன்றாகக் கிளைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டது, ஆனால் ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. வாங்கும்போது கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த கலஞ்சோவும் அதற்குப் பிறகு பூக்கவே இல்லை. தெருவிளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் அந்த அடுக்கின்மீது விழுகிறது. பூக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். தொட்டிகளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. கத்திரி வெயில் தொடங்குவதற்குள் எதை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும், நம் மாவட்டத் தட்பவெப்பத்தில் வேறு எந்தச் சிறிய செடிகள் நம்பிக்கையாகப் பூக்கும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தளி சாலை, ஓசூர்

வணக்கம் ஐயா. லித்தாப்ஸைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இப்போது ஊற்றாதீர்கள். லித்தாப்ஸ் ஒவ்வோர் ஆண்டும் பழைய இலை இணையைக் கழற்றிவிட்டுப் புதிய இணையை உருவாக்கும் செடி. பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் உள்ளே இருக்கும் புதிய இணை பெருக்கிறது. எனவே நீங்கள் பார்க்கும் சுருக்கம் தாகத்தின் அடையாளம் அன்று, செடி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதன் அடையாளம். இந்த நேரத்தில் தண்ணீர் கிடைத்தால் பழைய இலைகள் காயாமல் மறுபடி உப்பிக்கொள்ளும். புதியவையும் பழையவையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு உருக்குலைந்து நிற்கும், அல்லது இடுக்கில் ஈரம் தங்கி அழுகும். வெளி இலைகள் கையால் தொட்டால் சரசரக்கும் காகிதத் தோலாக ஆன பிறகு, ஒரு மாலையில் அளவாக ஊற்றினால் போதும்.

இந்தச் செடிகளின் தாயகம் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி 1811-இல் தென்னாப்பிரிக்காவின் வறண்ட உட்பகுதியில் தரையில் கிடந்த ஒரு விசித்திரமான கல்லை எடுக்கக் குனிந்தபோதுதான் அது செடி என்று வெளியுலகுக்குத் தெரிய வந்தது. லித்தாப்ஸ் என்ற பேரினப் பெயர் 1922-இல்தான் வந்தது. அங்கே பகல் வெயில் கடுமையானது. ஆனால் இரவில் தரை குளிர்ந்துவிடும். நம் ஊரில் இவை தோற்றுப்போவதற்குக் காரணம் பகல் வெயில் என்றே பலரும் நினைக்கிறார்கள், எனக்கோ இரவுதான் காரணம் என்று படுகிறது.

ஏனென்று சொல்கிறேன். சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, அதை அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் பகலில் உணவாக மாற்றுகின்றன. இதன் தொடக்ககாலத் தடயங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. மதராஸ் மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று கவனித்து எழுதியது 1815-இல் அச்சாகியது. (படித்துவிட்டு யாரும் மென்று பார்க்க வேண்டாம், அதிகமாகத் தின்றால் இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் அந்த இலையில் உண்டு.) இரவு குளிர்ந்தால்தான் இந்த உள்வாங்கல் ஒழுங்காக நடக்கும். சித்திரை மாதத்துத் தருமபுரி மாடியில், பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, செடி சேர்ப்பதைவிடச் செலவழிப்பதே அதிகமாகிவிடுகிறது. அந்த நிலையில் வேர்ப்பகுதியில் ஈரமும் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எங்களுக்கு இரவு கை கொடுக்கிறது. தருமபுரி அதில் ஏறத்தாழப் பாதி உயரத்தில் இருப்பதால் நீங்கள்தான் இரவைக் குளிர்விக்க வேண்டும். அடுக்கின் கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்திருக்கட்டும். மதிற்சுவரை ஒட்டி வைக்காமல் காற்று சுற்றிவர இடம் விடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது. காலை வெயில் முழுமையாகப் படலாம். பத்தரை, பதினொரு மணிக்குமேல் ஐம்பது சதவீத நிழல்வலை வேண்டும். எங்கள் பக்கத்தில் ரோஜாப் பசுமைக்குடில்கள் நிறைய இருப்பதால் நிழல்வலையைத் துண்டாகவும் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

கத்திரி முடியும் வரை லித்தாப்ஸை உறங்கவிடுங்கள். மிகவும் துவண்டால் மட்டும் சூரியன் மறைந்த பிறகு தொட்டியின் ஓரமாகச் சிறிது நனைத்தால் போதும். ஆடிக் காற்று வந்து இரவு தணியத் தொடங்கியதும் முறையாக ஊற்றத் தொடங்கலாம்: அடியில் வழியும்வரை ஒருமுறை ஊற்றிவிட்டு, முழுவதும் காய்ந்து, தொட்டி எடையில்லாமல் ஆன பிறகே அடுத்த முறை. புரட்டாசியிலிருந்து கார்த்திகைக்குள் இலைப்பிளவிலிருந்து மொட்டு வரும். மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில், செடியையே மறைக்கும் அளவுக்குப் பெரிய பூ. பிற்பகலில் விரிந்து மாலையில் மூடும், சில நாட்கள் இப்படித் தொடரும். பூ வந்த பிறகு நீரைக் குறைத்துக்கொண்டே வந்து மார்கழியோடு நிறுத்திவிடுங்கள். விதையிலிருந்து வந்த செடி மூன்று வயதுக்கு முன் பெரும்பாலும் பூக்காது என்பதால், வாங்கியவை குட்டிகளாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும்.

விதை வேண்டுமென்றால் வெவ்வேறு விதையிலிருந்து வந்த, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு செடிகள் ஒரே நேரத்தில் பூத்திருக்க வேண்டும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. காய்ந்த விதைப்பெட்டியின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டால் அது கண்முன்னே இதழ் விரிப்பதுபோல் திறக்கும். மழைத்துளி விழும்போது திறந்து, அந்தத் துளி மோதும் வேகத்திலேயே விதைகளைத் தெறிக்க வைப்பதற்கான ஏற்பாடு அது. எனக்குப் பூவைவிட அதைப் பார்ப்பதுதான் பிடிக்கும்.

லித்தாப்ஸ் வகைகளில் லெஸ்லியி (lesliei), ஆகாம்பியே (aucampiae) என்ற இரண்டும் கோடை மழை பெய்யும் பகுதிகளிலிருந்து வந்தவை என்பதால் நம்மிடம் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. நீலம், வானவில் நிறம் என்று படம் போட்டு இணையத்தில் விற்கும் லித்தாப்ஸ் விதைகளை வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட நிறங்கள் இந்தச் செடியில் கிடையாது.

பதில்: கரட்டுப்பூ, பென்னாகரம்

ஓசூர் நண்பர் லித்தாப்ஸைப் பற்றி எழுதியவை அனைத்தும் சரி. ஆனாலும் தருமபுரியில் இருப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதை அன்று. நம் வெயிலோடு மல்லுக்கட்டாமல், நம் வெயிலையே விரும்பும் குடும்பம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஹுவெர்னியா அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஹுவெர்னியா, ஸ்டபீலியா, ஓர்பியா, கரலுமா ஆகிய அனைத்தும் எருக்கஞ்செடியின் உறவுகள். இலை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. பல் வைத்த நாற்பட்டை, ஐம்பட்டைத் தண்டுகள்தான். பூவைப் பார்த்தால் தாவரம் செய்ததா, தையற்காரர் செய்ததா என்று ஐயம் வரும். ஹுவெர்னியா ஜீப்ரினாவின் பூவில் ஐந்து முனைகளிலும் வரிக்குதிரைக் கோடுகள் ஓட, நடுவில் மெருகேற்றிய வளையல் ஒன்றைப் பதித்ததுபோல் தடித்த வட்டம் இருக்கும். அகலம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். ஓர்பியா வேரியேகட்டாவின் பூ மஞ்சள் தரையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெளித்த ஐந்துமுனை நட்சத்திரம். 1624-இல் ஹெர்னியஸ் என்ற டச்சு மதபோதகர் நன்னம்பிக்கை முனையில் கப்பல் நின்றபோது வரைந்த செடிகளில் அதுவும் ஒன்று.

இந்தப் பூக்களை நாடி வருபவை ஈக்கள். அழுகிய இறைச்சியின் நிறமும் மணமும் இருப்பதால் ஏமாந்து வந்து, சில வேளைகளில் முட்டைகூட இட்டுவிட்டுப் போகும். எருக்கம்பூவில் போலவே இவற்றிலும் மகரந்தம் தூளாக இருக்காது, சிறு பொட்டலமாக ஈயின் காலிலோ வாயுறுப்பிலோ மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். கருவுற்றால் இரட்டைக் கொம்பாகக் காய் நிமிர்ந்து, வெடித்ததும் பட்டுக் குஞ்சம் வைத்த விதைகள் பறக்கும். எருக்கங்காயை உடைத்து விளையாடியவர்களுக்கு இது புதிதன்று. நாற்றத்தை எண்ணி அஞ்ச வேண்டாம்: ஹுவெர்னியாவின் மணத்தை உணர மூக்கைப் பூவருகே கொண்டுபோக வேண்டும். ஸ்டபீலியா ஜைகாண்டியா மட்டும் விதிவிலக்கு. ஓர் அடி அகலம்கூட விரியும் அந்தப் பூவைச் சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் எலி செத்துவிட்டது என்று பரணைத் துழாவத் தொடங்குவார்கள்.

உங்களுடையது பூக்காததற்குக் காரணத்தை ஊகிக்கலாம். நன்றாகக் கிளைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டது என்கிறீர்கள். உரமும் நீரும் குறைவின்றிக் கிடைக்கின்றன, ஓய்வு மட்டும் கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு குளிரும்போது நீரை மிகவும் குறைத்து, தண்டு சற்றே மெலியும்வரை விட்டுவிட்டு, மாசி முடிந்து சூடு ஏறும்போது மறுபடி ஊற்றத் தொடங்கினால் புதுத்தண்டுகள் எழும்பும். ஹுவெர்னியாவின் மொட்டுகள் இளந்தண்டுகளின் அடிப்பகுதியில்தான் தோன்றும் என்பதால், இந்தப் புதுத்தண்டுகளே உங்கள் பூக்கள் வரப்போகும் இடம். பழைய தண்டுகள் மட்டுமே நெருக்கிக்கொண்டு நிற்கும் தொட்டியை இரண்டாகப் பிரித்து, வெளிவட்டத்து இளந்தண்டுகளை வைத்துக்கொண்டு நடுவில் உள்ள முதியவற்றைக் கழித்துவிடலாம். தழைச்சத்து மிகுந்த எரு வேண்டாம். ஒளியைப் பொறுத்தவரை, இவை தம் தாயகத்தில் புதர்களின் காலடியில் வளர்பவை. காலை வெயிலும் பகல் நேரத்து வடிகட்டிய ஒளியும் ஏற்றவை. தண்டு லேசாகச் செம்மையேறினால் வெளிச்சம் போதுமான அளவில் இருக்கிறது என்று பொருள். கரும்பச்சையாக நீண்டு சாய்ந்தால் போதவில்லை.

அழுகல்தான் இவற்றின் பெரிய எதிரி. தண்டின் அடி கறுத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உள்ளே கறுப்பு இழையே இல்லாத பச்சைப் பகுதி தெரியும்வரை வெட்டி, நிழலில் சில நாட்கள் காயவைத்து, உலர்ந்த சிறுகற்களின்மேல் படுக்கையாக வைத்துவிட்டால் வேர்விடும். ஈரமண்ணில் குத்தி நிறுத்த வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் மாவட்டத்துக் கரடுகளில் தானாகவே வளர்கிறது. கள்ளிமுளையான் என்று ஊர்ப்பக்கம் சொல்லும் கரலுமா அட்சென்டென்ஸ்தான் அது. பாறை இடுக்கிலும் முட்புதர் அடியிலும் விரல் தடிமனில் நிமிர்ந்து நிற்கும்; ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் ஒடித்து மெல்வார்கள். மழைக்குப் பின் மெலிந்த தண்டுநுனியில் கருஞ்சிவப்பு வரிகளோடு, விளிம்பில் மெல்லிய மயிர் அசையும் சிறு பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். இன்னொன்று கரலுமா அம்பெல்லாட்டா. அது தண்டு நுனியில் பந்து போன்ற கொத்தாகப் பூக்கும், மணமும் சற்றுக் கடுமை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹுவெர்னியாவுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பார்த்தவுடன் தெரியும். கத்திரி, புழுக்கம், உப்புத் தண்ணீர் எதற்கும் அவ்வளவு எளிதில் அசையாத செடி இது.

ஆனால் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வராதீர்கள். பசியைக் கட்டுப்படுத்தும், எடையைக் குறைக்கும் என்று இதன் சாற்றை மாத்திரையாக்கி விற்கத் தொடங்கியதிலிருந்து இயற்கையில் உள்ள செடிகளின்மேல் சுமை கூடிவிட்டது. ஒகேனக்கல், அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே ஒரு தண்டை எடுப்பதும் குற்றம். உறவினர் நிலத்து வரப்பிலோ பட்டா நிலத்துக் கரட்டிலோ இருந்தால், உரியவரிடம் கேட்டு ஒரு தண்டுநுனியை ஒடித்து வாருங்கள். அதுவே தொட்டியை நிரப்பப் போதும். வெளிநாட்டு வகைகளுக்கும் இதே நியாயம்தான். லித்தாப்ஸின் உறவான கோனோஃபைட்டத்தைத் தென்னாப்பிரிக்கப் பாலைகளிலிருந்து திருடி விற்பது அண்மை ஆண்டுகளில் பெரிய குற்றத்தொழிலாக வளர்ந்திருப்பதால், விதையிலிருந்து வளர்த்ததா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

தொங்கும் தொட்டிக்கு இடம் இருந்தால் செரோபீஜியா வுடியையும் முயன்று பாருங்கள். இதய வடிவ இலைகளைக் கோத்த கொடியில் சிறு விளக்குக்கூண்டு போன்ற பூக்கள் வரும். உள்ளே நுழையும் சிறு ஈக்களைக் கீழ்நோக்கிய மயிர்களால் சிறைப்பிடித்து, மகரந்தம் ஒட்டிய பிறகு மயிர்கள் வாடியதும் வெளியே விடும் பூ அது.

பதில்: குவாரி ரோடு, காவேரிப்பட்டினம்

மண்கலவையையும் தண்ணீரையும் யாரும் தொடவில்லை. என் கருத்தில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் இருக்கும். மேலே காய்ந்தும் நடுவில் ஈரமாகவும் இருப்பதுதான் அதன் குணம்; முழுவதும் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே விடாது. வாங்கிய வாரத்திலேயே வேரைச் சுற்றி இருப்பதை உதறிவிட்டு மாற்றிவிட வேண்டும். நம் தோட்டத்துச் செம்மண்ணும் தனியாக ஆகாது, நனைந்து காய்ந்தால் இறுகிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பெர்லைட், பியூமிஸ் போன்ற எடை குறைந்த நுண்துளைக் கற்களுக்குக் காசைக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கல் உடைக்கும் கிரஷர்களில் கிடைக்கும் கால் இஞ்ச் கல் சிப்ஸே போதும். அதில் மாவு போன்ற தூள் இருக்கும் என்பதால் சல்லடையில் சலித்து, தெளிவான நீர் வரும்வரை கழுவ வேண்டும். எம்-சாண்டையும் அப்படியே போடக் கூடாது. அதன் நுண்தூள் அடியில் சேறாகப் படிந்து துளையை அடைக்கும். கிரானைட் பாலிஷ் பட்டறைக் கழிவுச் சேற்றை இலவசம் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கிரானைட் கல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அந்த வேலைக்கு நாட்டுச் செங்கல்லை உடைத்து, கடலை அளவுத் துண்டுகளைச் சலித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்ஸ் ஐந்து பங்கு, செங்கல் துண்டு மூன்று பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு இரண்டு பங்கு என்பது ஹுவெர்னியாவுக்கும் கள்ளிமுளையானுக்கும் ஏற்றது. லித்தாப்ஸுக்கு இலைமட்கை ஒரு பங்காகக் குறைத்து, அதன் ஆணிவேர் இறங்குவதற்கு நான்கு அங்குல ஆழமாவது இருக்கும் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். அகலமும் ஆழமில்லாமையும் கொண்ட அழகுத் தட்டுகளில் அதை நடுவது படம் எடுக்க மட்டுமே உதவும்.

தண்ணீருக்கு வருவோம். நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொட்டி விளிம்பில் படியும் வெள்ளை அன்றாடம் ஊற்றும் கடினநீரின் சுண்ணாம்பும் உப்பும்தான். சிறிய தொட்டியில், அடியில் வழியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வந்தால் இந்த உப்பு வெளியேற வழியின்றி வேரருகிலேயே சேர்ந்துகொண்டு போகும். சதைப்பற்றுச் செடிக்குக் கரண்டியால் ஊற்ற வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஊற்றும்போது வழிய வழிய ஊற்றி, பிறகு நீண்ட இடைவெளி விடுவதே சரி. மழைநீரைப் பிடித்து மூடி வைத்தால், இப்படிச் சிறு தொட்டிகளுக்கு ஒரு டிரம் நீண்ட நாள் வரும். குடிநீராக வரும் காவிரித் தண்ணீரும் ஆழ்துளை நீரைவிட மேல். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மட்டும் தொடாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

எறும்பு ஏறும் தொட்டியைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி இருக்கும் இடத்துக்குத்தான் எறும்பு வரும். தண்டில் இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் போகும். வேரில் இருந்தால் செடியைப் பிடுங்கிக் கழுவி, காயவைத்து, புதிய கலவையில் நட வேண்டும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் மாலையில் அடியுங்கள். எண்ணெய்ப் பூச்சோடு வெயில் பட்டால் தண்டில் சூட்டுத் தழும்பு விழும்.

பதில்: பத்துமணி, அரூர்

கலஞ்சோவுக்குப் பதில் இன்னும் வரவில்லையே. அங்கே தெருவிளக்குதான் குற்றவாளி என்று எனக்குத் தோன்றுகிறது. கடைகளில் விற்கும் கலஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா, நீண்ட இரவை உணர்ந்தால்தான் மொட்டு வைக்கும். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு, ஒவ்வோர் இரவும் பதினான்கு மணி நேரம் இடையறாத இருள் வேண்டும். ஐப்பசியில் தொடங்கி, மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். பொங்கலை ஒட்டி மொட்டு தெரியும். ஹுவெர்னியாவுக்கும் லித்தாப்ஸுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் சொல்லலாமா? அரிய பூ என்று எல்லோரும் ஆப்பிரிக்காவைத் தேடுகிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வாசல்களில் குடியேறிவிட்ட பத்துமணிப்பூவும் சதைப்பற்றுச் செடிதான். வெயில் ஏறியதும் பூவின் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை ஒரு துரும்பால் ஒருபக்கமாக வருடிப் பாருங்கள். தொட்ட திசை நோக்கி அவை மெல்லச் சாயும். இதைப் பார்க்காமலே பல்லாண்டுகளாக இதை வளர்ப்பவர்கள் ஏராளம். எளிதாகக் கிடைப்பதாலேயே அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது.

கடையில் சிறு கள்ளிச்செடியின் உச்சியில் பளிச்சென்ற காய்ந்த பூ ஒன்று எப்போதும் மலர்ந்தே இருந்தால், வாங்குமுன் அதன் அடியைப் பாருங்கள். வைக்கோல்பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்பது பல இடங்களில் நடக்கிறது.

மாடிவாசி, குமாரசாமிப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. லித்தாப்ஸுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். நிழல்வலைக்கும் சிப்ஸுக்கும் ஏற்பாடு செய்கிறேன். பென்னாகரத்து ஐயாவிடம் இரண்டு கேள்விகள். ஹுவெர்னியாவை இப்போதே பிரித்து மாற்றலாமா, அல்லது கத்திரி முடியட்டுமா? கோடை மழையும் புரட்டாசி, ஐப்பசி அடைமழையும் வரும்போது அடுக்கை என்ன செய்வது? உங்களிடம் கள்ளிமுளையான் தண்டு உபரியாக இருந்தால் அஞ்சலில் அனுப்ப இயலுமா என்பதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறேன்.

பதில்: கரட்டுப்பூ, பென்னாகரம்

தயங்க என்ன இருக்கிறது? கத்திரிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். இவை சூடான பருவத்தில் வளர்பவை என்பதால் இப்போது எளிதாக வேர்பிடிக்கும். மாற்றிய பிறகு ஒரு வாரம் நீர் வேண்டாம், வெயிலும் நேராகப் பட வேண்டாம். லித்தாப்ஸை மட்டும் இப்போது தொடாதீர்கள். அதன் தொட்டியை ஆடிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சித்திரையில் இடியோடு வரும் ஒரு நாள் மழையால் ஹுவெர்னியாவுக்குத் தீங்கு இல்லை, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். தொடர்ந்து பல நாட்கள் வானம் மூடியிருக்கும் அடைமழைதான் ஆபத்து. அடுக்கின்மேல் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு ஒன்றைச் சாய்வாகப் பொருத்துங்கள்; நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடினால் மழைக்குத் தப்பிய செடி புழுக்கத்தில் அழுகிவிடும். தகடு போட்ட பிறகும் லித்தாப்ஸ் மேல்தட்டில், காற்று அதிகம் படும் ஓரத்தில் இருக்க வேண்டும். கள்ளிமுளையானுக்குக் கீழ்த்தட்டே போதும்.

தண்டு இருக்கிறது, என் வீட்டுத் தொட்டியில் பெருகியதுதான். ஆனால் இந்த வெயிலில் அஞ்சல் பையில் கிடந்தால் வழியிலேயே வெந்துவிடும். தருமபுரிப் பேருந்து நிலையப் பக்கம் வரும்போது செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருகிறேன்; தனிச்செய்தியில் நேரத்தைப் பேசிக்கொள்வோம். ஒடித்த முனை காய்ந்துதான் இருக்கும் என்பதால் வாங்கிய அன்றே கற்களின்மேல் படுக்க வைத்துவிடலாம்.